அட்டைக்கடி என்றே நினைத்தோம்

என் இடது இடுப்பில், வேட்டி முடிச்சு விழும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மிளகு அளவில் ஒரு கறுத்த பொருக்கு இருந்தது. அதை நான் பார்த்தேன். என் மனைவி ரெபேக்காள் பார்த்தாள். எஸ்டேட் மருந்துக்கடையில் இருக்கும் டிரஸ்ஸர் பார்த்தார். கீழ்நாட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரும் பார்த்தார். எல்லோருமாகச் சேர்ந்து அதை அட்டைக்கடி என்று ஒதுக்கிவிட்டோம். அதனால் நான் செத்துப்போக இருந்தேன். என்னோடு இன்னொருவனும் போக இருந்தான்.

நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்ததால் எழுத வரும். எங்கள் சக்குபள்ளம் பக்கத்தில் நாய் இல்லாத ஏலக்காய்த் தோட்டம் கிடையாது. ஆகையால் இது நாலு பேருக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். மழைக்காலத்தில் ஏலக்காட்டுக்குள் போய்விட்டு அட்டை ஏறாமல் திரும்பியவர் எவரும் இல்லை. காலில் ஏறும், தொடையில் ஏறும், இடுப்புத் துணிக்குள் நுழைந்துவிடும். பிடுங்கி எறிந்துவிட்டு, புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்து அந்த இடத்தில் அப்பிவிடுவோம். ரத்தம் நின்று கறுப்பாகப் பொருக்குத் தட்டும். கூலிக்காரர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யார் காலைப் பார்த்தாலும் அந்தக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அதை ஒரு காயம் என்று யாரும் நினைப்பதில்லை.

எனக்கு வேலை ஏலக்காய் ஸ்டோரில். பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, இரும்புக் குழாய்களில் சூடு ஏற்றி உலர்த்துகிற கட்டிடம் அது. அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன் என் மச்சினன் தங்கராஜ். ரெபேக்காளின் தம்பி. எனக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான். காய் திருட்டுப் போகாமல் இருக்க நாங்கள் இருவரும் ஸ்டோரிலேயே சாக்கு விரித்துப் படுப்போம். காவலுக்கு டைகர் என்று ஒரு நாய். மலைக்குளிரில் அதுவும் எங்கள் சாக்கில் வந்து சுருண்டுகொள்ளும்.

டைகரின் காது மடலுக்குள் உண்ணி எப்போதும் கொத்துக் கொத்தாக இருக்கும். தங்கராஜ் வேலை ஓய்ந்த நேரத்தில் அதை மடியில் போட்டுக்கொண்டு உண்ணி பொறுக்குவான். சிலதைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்குவான். பெரிதாக ஊதினதை அடுப்பில் போடுவான். அது பட்டென்று வெடிக்கும்.

"பாத்தீங்களா அத்தான், நமக்கு வருசம் பூரா கிறிஸ்மஸ்தான்" என்பான்.

அந்த வருஷம் கடைசிக் காய் உலர்ந்துகொண்டிருந்த சமயம். மழை நின்று வெகுநாள் ஆகியிருந்தது. தோட்டத்துப் பாதையில் புழுதி பறந்தது. ஒருநாள் காலையில் தட்டைத் தூக்கப் போனவனுக்குக் கை நடுங்கிற்று. தலை பிளக்கிற மாதிரி ஒரு வலி. கண்ணைச் சுழற்றினால் கண்ணுக்குப் பின்னால் வலித்தது.

தங்கராஜ் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "ஒங்க ஒடம்புலேயே காயை ஒணத்திரலாம் போலிருக்கே அத்தான்" என்றான். பிறகு சிரிக்காமல், "வாங்க, டிரஸ்ஸரைப் பாப்போம்" என்றான். அவன் சிரிக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டிரஸ்ஸர் நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார். தட்டும்போது இடுப்புப் பொருக்கு அவர் கண்ணில் பட்டது. "அட்டையா?" என்று கேட்டார். தலையசைத்தேன். மலைக்காய்ச்சல் என்று சொல்லி மலேரியா மாத்திரை கொடுத்தார். அதைத் தின்றும் காய்ச்சல் இறங்கவில்லை. ரெபேக்காள் ஊற்றிய கஞ்சி உள்ளே தங்கவில்லை. கடைசியில் காய் ஏற்றிப் போகும் லாரியில் என்னைப் படுக்கவைத்துக் கீழே கொண்டுபோவதென்று முடிவாயிற்று. தங்கராஜ் என்னை முதுகில் சுமந்துவந்து லாரியில் கிடத்தினான். அவன் முதுகும் சுட்டது. என் சூடுதான் அது என்று நினைத்துக்கொண்டேன்.

குமுளி தாண்டி மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் என் தலை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் உருண்டதும், ரெபேக்காள் அதைத் தன் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேதத்துச் சங்கீதம் சொன்னதும் மட்டும் நினைவிருக்கிறது.

கீழ்நாட்டில் அது ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. வராந்தா முழுவதும் ஆட்கள். பெஞ்சில் இடமில்லாமல் தரையில் படுத்தேன். பக்கத்தில் படுத்திருந்த ஒரு பெரியவர், முன்பின் அறியாதவர், தன் துண்டை மடித்து என் தலைக்கடியில் வைத்தார். அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

விரலில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்து, மலேரியாப் பூச்சி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். இல்லை. பிறகு கையில் ஊசி போட்டுக் கண்ணாடிக் குழாய் நிறைய எடுத்தார்கள். டைபாய்டு கிருமி கலந்த தண்ணீரோடு அந்த ரத்தத்தைச் சேர்த்துத் திரிகிறதா என்று பார்ப்பார்களாம். திரிந்தால் டைபாய்டு. அந்தச் சோதனைக்கு ரத்தத்தை மதுரைக்கு அனுப்பவேண்டும், பதில் வரக் காத்திருக்கவேண்டும் என்றார்கள்.

டாக்டர் ஐம்பதைத் தாண்டியவர், அமைதியானவர். என் கால்களைப் பார்த்து, "இதெல்லாம் என்ன?" என்று கேட்டார்.

"அட்டைக்கடி, சார்" என்றாள் ரெபேக்காள். "ஏலக்காட்டுல எல்லாருக்கும் உண்டு."

வேட்டியைத் தளர்த்தச் சொன்னார். நர்ஸ் நின்றதால் நான் தயங்கிக் கொஞ்சம்தான் தளர்த்தினேன். "இது?"

"அதுவும் அட்டைதான் சார்."

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. என் காலில் இருந்த கறுப்புப் புள்ளிகளை எண்ணி மாளாது. அதில் ஒன்று கூடினால் யாருக்குத் தெரியும்?

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்துக்கொண்டவள் ஒரு மலையாள நர்ஸ். ஏலி என்று பெயர். வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "பேடிக்கண்டா சேட்டா, குறையும்" என்பாள். பயப்படவேண்டாம் என்று அர்த்தம். ஆனால் ஒருநாள் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தவள் அதைச் சொல்லவில்லை. கையை விட்டுவிட்டு ஓரடி பின்னால் போனாள்.

மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. மறுநாள் மார்பிலும் பரவிற்று. அந்தக் காலத்தில் காய்ச்சலோடு உடம்பில் முத்து கண்டால் எல்லோருடைய வாயிலும் வரும் சொல் ஒன்றுதான். பக்கத்துக் கட்டில்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். என்னை ஸ்ட்ரெச்சரில் தூக்கி, மதில் ஓரத்தில் தனியாக இருந்த தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். அம்மை நோயாளிகளை வைக்கும் இடம். வாசலில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போவார்கள்.

"நீ வெளியே இரு" என்று ரெபேக்காளிடம் சொன்னேன். எனக்கு வெறும் காற்றுத்தான் வந்தது.

"வாயை மூடிட்டுப் படுங்க" என்றாள். "ஒங்களோட பதினெட்டு வருசம் ஒட்டாததா இப்ப வந்து ஒட்டப்போவுது?"

அவள் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து என் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

எங்கள் எஸ்டேட் லாரி டிரைவர் சேவியர் அந்தச் சமயம்தான் என்னைப் பார்க்க வந்தான். கோட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தான், கையில் கொண்டுவந்த வாழைப்பழத்தை வைத்துவிட்டு, சொல்லாமலே போய்விட்டான். அவன் மலைக்கு எடுத்துப்போன செய்தி என்ன செய்யும் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

எனக்கு இடையிடையே நினைவு தப்பியது. ஸ்டோர் அடுப்பை அணைக்கச் சொல்லிக் கத்தினேன் என்று ரெபேக்காள் பின்னால் சொன்னாள். நான் கத்தினேன் என்பதையே அவளால் நம்பமுடியவில்லையாம்.

டாக்டருக்கு மட்டும் ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது. அவர் கொட்டகைக்குள் வந்து என் உள்ளங்கையைச் சன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். உள்ளங்காலைப் பார்த்தார். புள்ளிகள் அங்கேயும் இருந்தன. ஆனால் ஒன்றிலும் நீர் கோக்கவில்லை. அம்மையாக இருந்தால் இதற்குள் முத்து நீர் கட்டியிருக்கவேண்டும் என்றார்.

"அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. காய்ச்சல் வர்றதுக்கு முன்னால இவரை ஏதாவது கடிச்சதா? பூச்சி, எலி, ஏதாவது?"

"அதான் சொன்னேனே சார். அட்டைதான்..."

ரெபேக்காள் அந்தச் சொல்லோடு நின்றுவிட்டாள். அவள் கையிலிருந்த ஈரத்துணி அப்படியே என் வயிற்றில் கிடந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேயைக் கண்டவள் மாதிரி இருந்தாள்.

"சார்," என்றாள், "மழை நின்னு எம்புட்டு நாளாச்சு. காடெல்லாம் காஞ்சு கெடக்கு. அட்டை ஏது சார் இப்ப?"

அட்டைக்கு ஈரம் வேண்டும். மழை நின்றால் மண்ணுக்குள் போய்விடும். கோடையில் எங்கள் காட்டில் ஒரு அட்டையையும் பார்க்கமுடியாது. இது எங்கள் லயத்துக் கைக்குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். தெரிந்திருந்தும், கறுப்புப் பொருக்கைக் கண்டதும் நாக்கு தானாக அட்டை என்று சொல்லிவிட்டது.

டாக்டர் கூச்சம் பார்க்க நேரம் கொடுக்கவில்லை. வேட்டியை ஒரே இழுப்பில் இறக்கினார். ஈரப் பஞ்சால் அந்தப் பொருக்கின் மேல் இருந்த புகையிலைக் கறையைத் துடைத்தார். நடுவில் தீய்ந்துபோன மாதிரி கறுப்பு, சுற்றிலும் சிவப்பு வளையம். தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. அழுத்தியபோது நான் அலறினேன்.

"வீட்டில் நாய் உண்டா?" என்று கேட்டார்.

அது உண்ணிக் காய்ச்சல். டைபஸ் என்ற வகை. டைபாய்டு வேறு, இது வேறு. அவர் பின்னால் உட்கார்ந்து விளக்கியதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

உண்ணியில் பல ஜாதி உண்டு. மாட்டு உண்ணி குஞ்சாக ஒரு மாட்டின் மேல் ஏறினால், ரத்தம் குடித்துப் பருக்கும்வரை அந்த மாட்டைவிட்டு இறங்காது. மாடு சிவப்பாக மூத்திரம் பெய்து சாகிறதே, அந்த நோயை அதுதான் பரப்புகிறது. காந்தலூரில் என் சித்தப்பாவின் கறவை மாடு அப்படித்தான் செத்தது. நாங்கள் கண்ணேறு என்று நினைத்தோம். மிளாமான், காட்டுப்பன்றி மேல் வேறு உண்ணிகள் இருக்கின்றன. மேயும் வழியில் புல்நுனியில் தொற்றிக்கொண்டு காத்திருக்கும். நாயின் பழுப்பு உண்ணி இன்னொரு மாதிரி. குஞ்சாக ஒரு தடவை, பாதி வளர்ந்து ஒரு தடவை, முழுதாக வளர்ந்து ஒரு தடவை என்று ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் கீழே உதிர்ந்து, சுவர் இடுக்கில் பதுங்கித் தோலுரித்து, மறுபடி ஏறும். பட்டினியாக மாதக்கணக்கில் இருக்கும். அதற்குச் சூடும் உலர்ச்சியும் பிடிக்கும்.

சூடும் உலர்ச்சியும்! எங்கள் ஸ்டோரை அதற்காகவே கட்டிவைத்த மாதிரி ஆகிவிட்டது.

கிருமி தாய் உண்ணியிலிருந்து முட்டைக்கும் போகுமாம். கடுகளவு குஞ்சு கடித்தால் வலிக்காது, தெரியாது. கடித்த இடம் கறுக்கும். பிறகு காய்ச்சல், பிறகு புள்ளி. உண்ணியை நகத்தில் நசுக்கினால் அதன் சாறு கீறல் வழியாகவோ, கண்ணைக் கசக்கினால் கண் வழியாகவோ உள்ளே போகும்.

அவர் இதைச் சொன்னதும் எனக்கு ஸ்டோர் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கும் தங்கராஜின் கட்டைவிரல் கண்முன் வந்தது. அந்த முதுகின் சூடும் நினைவுக்கு வந்தது. அது என்னுடையது அல்ல.

டாக்டர் கொடுத்தது புதிதாக வந்திருந்த ஒரு மருந்து. கேப்சூல் என்ற சிறு கூட்டுக்குள் தூளாக இருந்தது. விலை அதிகம். ரெபேக்காள் ஊரில் வளர்த்த ஆடுகளை விற்கச் சொல்லி ஆள் அனுப்பினாள். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் தலையணை நனைகிற அளவுக்கு வேர்த்தது. கொட்டகைத் தகரத்தில் காக்கை நடக்கும் சத்தம் தனியாகக் காதில் விழுந்தது. பசித்தது.

ஏலி நர்ஸ் சுண்ணாம்புக் கோட்டைக் காலால் தேய்த்து அழித்துவிட்டு உள்ளே வந்தாள். "சேட்டா, நானும் பேடிச்சுப் போயி. க்ஷமிக்கணும்" என்றாள். தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பொடியரிசிக் கஞ்சியைத் தானே ஊட்டினாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் குடித்தேன்.

அப்போதுதான் சேவியர் மறுபடி வந்தான். என்னை உட்கார்ந்த நிலையில் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"அக்கா, இவருக்கு அம்மை இல்லியா?" என்றான்.

"இல்லப்பா. உண்ணி கடிச்ச காய்ச்சல். ஏன், என்ன?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தங்கராசுக்கும் காய்ச்சல். புள்ளி கண்டிருக்கு. நான் போய் அம்மைன்னு சொல்லிட்டேன்க்கா. அவனைப் பழைய வெறகுக் கொட்டாயில தனியாப் போட்டிருக்காவ. ஆளு பக்கத்துல போவ மாட்டேங்காவ. கஞ்சியைக் கம்புல கட்டி நீட்டுதாவ."

ரெபேக்காள் அழவில்லை. டாக்டரிடம் ஓடினாள். திரும்பி வரும்போது கையில் காகிதப் பொட்டலத்தில் கேப்சூல் இருந்தது. என்னைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள். என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை என்று தெரிந்தது.

"போடி" என்றேன். "நான் பொழச்சிட்டேன். அவன் இன்னும் பொழைக்கல."

அவள் போன பிறகு இருந்த நாட்கள்தான் எனக்கு நோயைவிடப் பெரிது. நோயில் கிடந்தபோது நினைவே இல்லை. இப்போது நினைவு தெளிவாக இருந்தது. சன்னல் வழியே மலையின் நீல விளிம்பு தெரிந்தது. அதன் பின்னால் எங்கேயோ ஒரு விறகுக் கொட்டகை. மருந்து போய்ச் சேர்ந்ததா, போகும்போது அவன் இருந்தானா, ஒன்றும் தெரியவில்லை. வாசலில் எந்த லாரி ஹாரன் கேட்டாலும் எழுந்து உட்காருவேன். ஏலி நர்ஸ், "அது வேறே வண்டி சேட்டா, கிடக்கூ" என்று படுக்கச் சொல்லுவாள்.

ஒருநாள் அது எங்கள் வண்டியாகவே இருந்தது. சேவியர் படியேறி வந்து, மூச்சு வாங்க, "இருக்கான் அண்ணாச்சி" என்றான். "காய்ச்சல் எறங்கிட்டு. காதுக்குப் பின்னால கடிச்சிருக்கு. அக்காதான் கண்டுபிடிச்சாவ."

நான் சுவரில் சாய்ந்தேன்.

"ஆனா ஒண்ணு. அவனுக்குக் காது கேக்கல. ரெண்டும் அடைச்சுட்டு."

இந்தக் காய்ச்சல் சிலருக்கு அப்படிக் காதைப் பிடிக்கும் என்றும், கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றும் டாக்டர் சொன்னார்.

சேவியர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. ரெபேக்காள் விறகுக் கொட்டகைக்குள் நுழைந்தபோது தங்கராஜ் கண் திறந்து பார்த்திருக்கிறான். அவன் கிடந்த கோலத்தைப் பார்த்து அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அவனுக்கு அவள் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. புருஷனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அக்கா தனியாக வந்து அழுகிறாள் என்றால், அதற்கு அவன் கண்ட அர்த்தம் ஒன்றுதான்.

"அத்தான் போயிட்டாரு, போயிட்டாருன்னு அவன் போட்ட கூப்பாட்டுல லயமே கூடிட்டு அண்ணாச்சி. அக்கா இல்லை இல்லைன்னு கையை ஆட்டுதாவ. நான் போய்ச் சிரிச்சுக் காட்டுதேன். சோறு திங்க மாதிரி செஞ்சு காட்டுதேன். நம்ப மாட்டேங்கான். தெம்பு வரட்டும்னு பொய் சொல்லுதீங்கங்கான். எழுதிக் காட்டலாம்னா எழுத்தும் தெரியாது."

இன்னும் சில நாள் கிடக்கச் சொன்னார் டாக்டர். நான் கேட்கவில்லை. வாழ்க்கையில் நான் ஒரு பெரிய மனிதர் பேச்சை மறுத்தது அன்றுதான். ஸ்டோர் சுவர் இடுக்குகளைச் சுண்ணாம்பு பூசி அடைக்கவேண்டும், மலேரியாக்காரர்கள் அடிக்கும் பூச்சிமருந்தை நாய்க்கும் சாக்குக்கும் போடவேண்டும், உண்ணியை விரலால் நசுக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். நாயைக் கொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்.

லாரி லயத்து முன்னால் நின்றபோது வெயில் சாய்ந்திருந்தது. தங்கராஜ் வாசல் கல்லில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலையை மழித்திருந்தார்கள். கழுத்து ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் போல இருந்தது. லாரி அத்தனை சத்தத்தோடு வந்து நின்றும் அவன் திரும்பவில்லை. லயத்துச் சனமெல்லாம் எழுந்து நின்றது. ரெபேக்காள் வாசலுக்கு ஓடிவந்தாள்.

"தங்கராசு" என்றேன். பிறகு கத்தினேன். அவன் தரையில் ஒரு குச்சியால் கீறிக்கொண்டிருந்தான்.

நான் சுற்றிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றேன். முதலில் என் கால்களைத்தான் பார்த்தான். பிறகு மெல்ல மேலே பார்த்தான். கையிலிருந்த குச்சி விழுந்தது. அவன் பின்னால் நகர்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டான். அவன் கண்ணில் இருந்தது சந்தோஷம் அல்ல, பயம்.

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னென்னவோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டி, ஐந்து விரலையும் என் தொண்டையில் வைத்தான்.

"பேசுங்க" என்றான். தன் குரல் தனக்குக் கேட்காததால் ஊரே கேட்கிற மாதிரி சொன்னான். "பேசுங்க அத்தான், நிப்பாட்டாதீங்க."

பேசினேன். விரல்கள் தொண்டையில் அழுந்தின. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அதிருது" என்றான். "அக்கா, அத்தான் பேசுதாவ."